துப்பாக்கி பீரோவில் தொங்கிய உப்பு

எங்கள் ஸ்கார்வோய் தீவில் சிக்வார்டைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, அவர் நாற்பத்தோரு வருஷம் மீனுக்கு உப்புப் போட்டவர். இரண்டு, அவர் வீட்டில் மனைவி மாக்னில்ட் மான் சுடுவாள், அவர் துப்பாக்கி துடைப்பார். இரண்டாவதைக் கேட்டால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு வராது. மாக்னில்டைப் போலச் சுடுகிற ஆள் தீவில் வேறு கிடையாது. சிக்வார்டைப் போலத் துடைக்கிற ஆளும் கிடையாது என்றுதான் போன வருஷம் வரை நம்பிக்கொண்டிருந்தோம்.

சிக்வார்ட் வாழ்நாளில் ஒரு மானைக்கூடச் சுட்டதில்லை. வெடிச்சத்தம் அவருக்கு ஆகாது. ஆனால் மாக்னில்ட் வேட்டை முடித்து மழையில் ஊறி வீட்டுக்கு வந்ததும், அவள் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் துப்பாக்கியை அவர் வாங்கிக்கொள்வார். நேரே சூடான கூடத்துக்குள் எடுத்துப்போக மாட்டார். குளிர்ந்த இரும்பைத் திடீரென்று சூட்டில் வைத்தால் அதற்கு வியர்க்கும் என்பார். குளிர் இறங்கும்படி முன்னறையில் ஒரு மணி நேரம் வைத்திருப்பார். அப்புறம் தோட்டா அடைக்கும் பூட்டைக் கழற்றி, குழலுக்குள் பின்பக்கத்திலிருந்து கம்பியை விட்டு, துணி வெள்ளையாக வரும்வரை இழுப்பார். கடைசியில் எண்ணெய், அதுவும் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு. மிச்ச எண்ணெய் துப்பாக்கியின் மரக்கட்டைக்குள் இறங்கக்கூடாது என்று குழல்வாய் கீழே இருக்கும்படி பீரோவில் நிறுத்துவார். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் பிரார்த்தனை முடிந்ததும் தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். பித்தளையில் பச்சைக் களிம்பு ஒரு பொட்டு தெரிந்தாலும் அந்தத் தோட்டாவுக்கு வேட்டைக்குப் போகும் யோகம் இல்லை.

முப்பது வருஷத்தில் மாக்னில்டின் துப்பாக்கியில் கடுகளவு துரு வந்ததில்லை. எங்கள் ஊரில் இது லேசான காரியமில்லை. இங்கே மழை இல்லாத நாளில் தூறல், தூறல் இல்லாத நாளில் மேற்கேயிருந்து உப்புக்காற்று. புது சைக்கிள் இரண்டு வருஷத்தில் பழைய சைக்கிளாகிவிடும். அதனால் துரு விஷயத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் சிக்வார்டிடம்தான் போவோம். அவர் சொல்வதை மறுபேச்சில்லாமல் செய்வோம். வேட்டைக்குழுத் தலைவன் யூஸ்டைன் மட்டும் செய்யமாட்டான். அவன் படகு இன்ஜின் மெக்கானிக், யார் சொன்னாலும் கேட்கமாட்டான், கேட்காமலே முக்கால்வாசி சரியாகச் செய்துவிடுவான். அந்த மாதிரி ஆட்களை எனக்குப் பிடிக்காது.

போன வருஷம் பிப்ரவரியில் சிக்வார்டும் மாக்னில்டும் வீடு மாற்றினார்கள். அவளுக்கு முழங்கால் வலி, மேட்டு வீட்டுக்குப் படியேறி மாளவில்லை. கடலோரத்தில் அவளுடைய சித்தி விட்டுப்போன வீடு சும்மா கிடந்தது. துப்பாக்கி பீரோவை அதன் நிலவறையில் வைத்துச் சட்டப்படி சுவரோடு முடுக்கினார்கள். கருங்கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பத்தடியில் கடல்.

இந்த இடத்தில் எங்களில் ஒருவருக்காவது ஒன்று தோன்றியிருக்க வேண்டும். மேட்டு வீட்டில் அந்த பீரோ சமையலறைப் புகைபோக்கிச் சுவரை ஒட்டி நின்றது. வருஷம் முழுக்க அந்தச் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். முப்பது வருஷம் துப்பாக்கியைக் காப்பாற்றியதில் பாதி வேலை புகைபோக்கியுடையது. பெயர் முழுக்க சிக்வார்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பொல்லாத விஷயம் என்னவென்றால், சிக்வார்டும் அதை நம்பினார்.

புது வீட்டில் முதல் வாரமே பீரோவுக்குள் ஓதம் அடித்தது. மற்றவர்களாக இருந்தால் கடையில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஏதாவது வாங்கியிருப்பார்கள். சிக்வார்ட் உப்பில் வாழ்ந்த மனிதர். மார்ச் மாதம் மளிகைக் கடை வாசலில் அவரைப் பார்த்தேன். கையில் பெண்கள் போடும் நைலான் காலுறை ஒன்று, உள்ளே ஏதோ கனமாக.

"என்ன சிக்வார்ட், கையில செத்த பூனையா?"

"உப்பு. மீன் ஆலையில வாங்கிட்டு வரேன். ரெண்டு கிலோ கல்லுப்பு."

"காலுறையில எதுக்கு?"

"பீரோல தொங்கவிடத்தான். ஒரு மீன்ல எவ்ளோ தண்ணி இருக்கும்னு நெனக்கிற ஒட்வார்? எடையில முக்காவாசி தண்ணிதான். அதையே உறிஞ்சி எடுத்துருது உப்பு. பீரோக்குள்ள இருக்குற ஈரமெல்லாம் அதுக்கு எம்மாத்திரம்?"

எனக்கு அதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை. அன்றைக்கே வீட்டுக்குப் போய் என் மனைவியின் அலமாரியைத் திறந்து ஒரு காலுறை எடுத்துக்கொண்டேன். நான் கேட்காததற்குக் காரணம் அவள் வீட்டில் இல்லாததுதான். ஈஸ்டருக்குள் தீவில் ஏழு பீரோக்களில் உப்பு தொங்கியது. மளிகைக் கடையில் காலுறை தீர்ந்துபோய், மறுபடி வரவழைத்தார்கள். யூஸ்டைனிடம் அது பலிக்கவில்லை.

"என் பீரோ சுடுதண்ணி டாங்க் பக்கத்துல நிக்குது. அதுல உப்பு போட்டா சூப்புதான் வரும்" என்றான்.

மே மாதம் சிக்வார்டின் காலுறை சொட்ட ஆரம்பித்தது. அவர் கீழே ஒரு கிண்ணம் வைத்தார். கிண்ணம் நிறைந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா? இவ்ளோ தண்ணியும் துப்பாக்கி மேல ஏற வேண்டியது!"

இரண்டு பேரும் அந்தக் கிண்ணத்தை மரியாதையோடு பார்த்தோம். சமையலறை உப்பு ஜாடியை மழைக்காலத்தில் மூடாமல் வைத்த எவருக்கும், உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் என்று தெரிந்திருக்கும். மீனிலிருந்து உப்பு எடுக்கிற தண்ணீர் தொட்டிக்கு அடியில் வழிந்து ஓடிவிடும். பீரோவில் அது ஓட வழியில்லை. நிலவறையின் ஈரத்தையெல்லாம் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்து, போதாததற்கு அதை உப்புத்தண்ணீராகவும் ஆக்கி, இரும்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தோம். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது நான் சொன்னது, "அடேயப்பா!"

ஜூனில் சுடும் தேர்வு வந்தது. நூறு மீட்டர் தூரத்தில் மான் படம், அதில் ஒரு வட்டம், ஐந்து குண்டும் வட்டத்துக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் அந்த வருஷம் மான் வேட்டைக்குப் போக முடியாது. தேர்வை நடத்திப் பதிவேட்டில் எழுதுவது நான். மாக்னில்ட் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள் முறை வந்தால் நான் பலகையைப் பார்ப்பதற்கு முன்பே 'தேர்ச்சி' என்று எழுதிவிடுவது வழக்கம். அன்றைக்கும் எழுதிவிட்டேன். அப்புறம் அதைக் கோடு போட்டு அடிக்க வேண்டியதாயிற்று. மூன்று குண்டு வட்டத்துக்குள், ஒன்று மானின் முதுகுக்கு மேலே, ஒன்றைக் காணவே காணோம்.

மாக்னில்ட் காலி தோட்டாக்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அன்றைக்குப் பதினொரு பேரில் ஏழு பேர் தோற்றோம். ஆமாம், நானும்தான். எனக்குத் தேர்வு நடத்தியது யூஸ்டைன். சிரிக்காமல் எழுதினான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காபி குடிக்கும்போது காரணங்களை ஆராய்ந்தோம். ஒருவர் காற்று என்றார். ஒருவர் ஈயமில்லாத புதுக் குண்டு சரியில்லை என்றார். இன்னொருவர் இந்த வருஷம் மான் படத்தையே சின்னதாக அச்சடித்துவிட்டார்கள் என்றார். கடைசியில், எல்லாருக்கும் வயசாகிவிட்டது, கண் போய்விட்டது என்று முடிவானது. தோற்ற ஏழு பேர் வீட்டிலும் காலுறை தொங்குகிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஒருவருக்குத் தோன்றியது. இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் வலை எடுக்கப் படகில் போனேன். சிக்வார்ட் தன் வீட்டுப் படகுத்துறையில் நின்று, காலுறையைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார். கடலுக்கு உப்புப் போடும் மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"என்ன சிக்வார்ட், கடல்ல உப்பு பத்தலையா?"

"பழசாயிருச்சு."

"உப்பா?"

"ஆமா."

நாற்பத்தோரு வருஷ அனுபவம் பேசுகிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் பீரோவிலிருந்த பழைய உப்பைக் கொட்டிவிட்டுப் புது உப்பு போட்டேன்.

ஜூலையில் கடலுக்கு அக்கரையிலுள்ள பெருங்கரையிலிருந்து கண்ணாடிக்காரர் வந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் மண்டபத்தில் மேசை போட்டுக் கண் பார்ப்பார். வழக்கமாக அவருக்குப் பாதி நாள் தூக்கம்தான் வேலை. அன்று சாப்பிடக்கூட நேரமில்லை. மாக்னில்டுக்கு மெல்லிய கண்ணாடி ஒன்று கொடுத்து, "இந்த வயசுக்கு ரொம்ப நல்ல கண்ணு" என்றாராம். எனக்கு அப்படியெல்லாம் சொல்லவில்லை, கண்ணாடி மட்டும் கொடுத்தார்.

ஆகஸ்டில் மறுதேர்வு. மாக்னில்ட் கண்ணாடி போட்டுக்கொண்டு படுத்தாள். நிதானமாக மூச்சை விட்டுச் சுட்டாள். இரண்டு குண்டுதான் வட்டத்துக்குள் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"கண்ணு இல்ல ஒட்வார்" என்றாள்.

"காத்து இன்னிக்கு கொஞ்சம்..."

"காத்தும் இல்ல."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பதிவேட்டைப் பார்த்துக்கொண்டேன். சிக்வார்ட் கொஞ்ச தூரத்தில் காபிக் குடுவையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேட்டைக்கு முந்தைய கூட்டம் ஆகஸ்டின் மூன்றாவது வியாழக்கிழமை நடந்தது. யார் யார் எந்த இடத்தில் நின்று காத்திருப்பது என்று அன்றுதான் எழுதுவார்கள். பாறை இடுக்கு மாக்னில்டின் இடம். மலையிலிருந்து இறங்கும் மான் அதன் வழியாகத்தான் வந்தாக வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக யாரும் அதைக் கேட்டதில்லை. சிக்வார்ட் வேட்டைக்காரர் இல்லை என்றாலும் கூட்டத்துக்கு வருவார். தோசைக்கல்லில் தடித்த இனிப்பு அப்பம் சுட்டு, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து மடித்துக் கொடுப்பார், காபி ஊற்றுவார். அன்றும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

யூஸ்டைன் பட்டியலை எடுத்து, "பாறை இடுக்கு, மாக்னில்ட்" என்று படித்தான்.

மாக்னில்ட் எழுந்தாள்.

"எம் பேர எடுத்துரு யூஸ்டைன். அடுத்த வருஷமும் வேணாம்."

"சனிக்கிழமை இன்னும் ஒரு தேர்வு இருக்கு. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"குருட்டாம்போக்குல அஞ்சு குண்டும் உள்ள விழுந்தாலும் நான் போகமாட்டேன். வயித்துல குண்டு வாங்கின மான் மூணு நாள் எங்கயாவது புதர்ல கெடந்து சாகும். அத நான் செய்யமாட்டேன். இடுக்கு இனிமே உன்னோடது."

யூஸ்டைனுக்கு அந்த இடத்தின் மேல் பத்து வருஷமாகக் கண். ஆனால் பென்சிலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். அப்போது பின்னாலிருந்து சிக்வார்டின் குரல் வந்தது.

"காலுறைய எடுத்துருங்க."

"எத?" என்றேன்.

"பீரோல தொங்குதுல்ல, அத. எல்லாரும். வீட்டுக்குப் போனதும் மொதல்ல அத எடுங்க. உப்பு தப்பு."

"தப்புன்னா?"

"துப்பாக்கிய தின்னுருச்சு. மாக்னில்டோட குழல்ல வெளக்கு புடிச்சுப் பாத்தேன். உள்ள அம்மை போட்ட மாதிரி கெடக்கு. தேச்சேன். ஒரு வாரம் தேச்சேன். போகல. மரக்கட்டையும் ஊறி உப்பிப்போய் குழல ஒரு பக்கமா தள்ளுது. அந்தத் துப்பாக்கிய வச்சுக்கிட்டு யாராலயும் நேரா சுட முடியாது."

"எப்போ பாத்தீங்க?" என்று யூஸ்டைன் கேட்டான்.

சிக்வார்ட் குடுவையை மேசையில் வைத்தார்.

"ஜூன்ல."

மண்டபத்தில் ஒவ்வொருவராகக் கண்ணாடியைக் கழற்றினார்கள். நானும் கழற்றினேன். சாதாரண நாளாக இருந்தால் யூஸ்டைன் அந்தச் சிரிப்பைக் கிறிஸ்துமஸ் வரைக்கும் சிரித்திருப்பான், அதற்கு அவனுக்கு முழு உரிமையும் இருந்தது. அவனும் சிரிக்கவில்லை. எல்லாரும் மாக்னில்டைப் பார்த்தோம். அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"ரெண்டு மாசம்" என்றாள். "ரெண்டு மாசமா குளியலறைக் கதவ சாத்திக்கிட்டு, கைய நீட்டி நீட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன், நடுங்குதான்னு. மொதல்ல கண்ணு மேல சந்தேகம் வந்துச்சு. அப்புறம் கை. அப்புறம் தலைக்குள்ளயே ஏதாவது ஆயிருச்சோன்னு. அம்மாவுக்கு அப்படித்தான ஆரம்பிச்சுது. துப்பாக்கி மேல மட்டும் ஒரு தடவகூட சந்தேகம் வரல சிக்வார்ட். ஏன்னா அத நீ பாத்துக்குற."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. எனக்கு அந்த நிமிஷம் சிக்வார்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு என் துப்பாக்கி ஞாபகத்துக்கு வந்தது, நான் ஜூனில் போட்ட புது உப்பும் ஞாபகத்துக்கு வந்தது. இரக்கம் போய்க் கோபம் வந்தது.

சனிக்கிழமை கடைசித் தேர்வு. மாக்னில்ட் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். யூஸ்டைன் தன்னுடைய இரண்டாவது துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றானாம். அதுவும் சுடுதண்ணீர் டாங்க் பக்கத்தில் வளர்ந்த துப்பாக்கி. "இந்தா, இதுல சுடு. தோத்தா இடுக்க நான் எடுத்துக்குறேன். ஜெயிச்சா இனிமே அதப் பத்தி என்கிட்ட பேசாத" என்றானாம். ஆறுதல் சொல்லத் தெரியாத பயல்.

பழக்கமில்லாத துப்பாக்கி. கண்ணாடி போடவில்லை. ஐந்து குண்டும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. நான் இரண்டு தடவை எண்ணினேன், எண்ணுவதற்கு அதில் ஒன்றுமில்லை என்றாலும். அவள் எழுந்து, தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அழுதாள். நான் 'தேர்ச்சி' என்று எழுதினேன். இந்தத் தடவை பலகையைப் பார்த்த பிறகு எழுதினேன்.

அடுத்த வாரம் நானும் யூஸ்டைனும் சேர்ந்து சிக்வார்ட் வீட்டு பீரோவை நிலவறையிலிருந்து மேலே தூக்கி, கூடத்தில் புகைபோக்கிச் சுவரோடு முடுக்கினோம். உள்ளே விரல் தடிமனில் ஒரு மின்சார வெப்பக் கம்பி வைத்தோம், ஈரத்தை அளந்து காட்டும் கருவி ஒன்றும் வைத்தோம். தோட்டாக்களை நல்ல ரப்பர் விளிம்பு மூடி போட்ட டப்பாவில் அடைத்தோம். சிக்வார்ட் பக்கத்தில் நின்று பார்த்தார். மாக்னில்டின் துப்பாக்கி புதுக் குழல் போடப் பெருங்கரைக்குப் போயிருந்தது. பீரோ சாவியை அவள் வழக்கமான ஆணியில் மாட்டாமல் தன் சட்டைப்பையிலேயே வைத்திருந்தாள். துடைக்க ஒன்றும் இல்லாததால் சிக்வார்ட் வீட்டிலுள்ள கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கரண்டிகள் எல்லாம் கண்ணைப் பறித்தன.

செப்டம்பர் முதல் நாள் விடிந்ததிலிருந்து மழை. பத்து மணிக்குப் பாறை இடுக்குப் பக்கமிருந்து ஒரே ஒரு வெடி கேட்டது. நாங்கள் சுமை தூக்கப் போய்ச் சேர்ந்தபோது எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு கலைமான் கிடந்தது, நின்ற இடத்திலேயே விழுந்திருந்தது. தோலுரித்து, இறைச்சியைக் கூறுபோட்டு, நான்கு பேர் சுமந்துகொண்டு சாயங்காலம் மாக்னில்ட் வீட்டுக்கு வந்தோம்.

சிக்வார்ட் கதவைத் திறந்தார். மாக்னில்ட் முன்னறையில் நின்று தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கினாள். வார் வழியாகத் தண்ணீர் வழிந்தது. தோட்டா இல்லையென்று திறந்து பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"நனைஞ்சிருக்கு" என்றாள்.

சிக்வார்ட் கையை நீட்டவில்லை.

"அது யூஸ்டைனோடது."

"யாரோடதுன்னா கேட்டேன்? நனைஞ்சிருக்குன்னு சொன்னேன்."

யூஸ்டைனின் முகம் வெளுத்துவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். நான் மழையைப் பார்த்தேன். அவன், "கம்பிய பின்பக்கத்துலேர்ந்து விடுங்க" என்றான்.

"முப்பது வருஷமா வேற எங்கேர்ந்து விடுறேனாம்?" என்றார் சிக்வார்ட்.

இரண்டு கையாலும் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். மாக்னில்ட் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டிவிட்டு, கையிலிருந்த ரத்தத்தைக் கழுவ உள்ளே போனாள். சிக்வார்ட் துப்பாக்கியை முன்னறைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஒரு மணி நேரம் குளிர் இறங்க வேண்டும். நாங்கள் காபி குடித்து முடித்துக் கிளம்பும்வரை அவர் அதன் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.